மூளைக்குப் போன அமோனியாவை ஸ்கேன் காட்டுமா?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கல்லீரல் நோயாளிகளுக்கு வரும் மனக்குழப்பம் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஸ்கேன் பற்றியே கேட்கின்றன. கதிரியக்கத் துறையில், அதிலும் எம்.ஆர்.ஐ. பிரிவில், வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவள் நான். அதனால் இந்த முறை அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் கணவருக்குச் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) என்று சில வருடங்களாக வைத்தியம் பார்க்கிறோம். தீபாவளி முடிந்த வாரத்தில் ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் நின்றார். பேரனை என் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு, “மூளையில் ஒன்றும் இல்லை, அமோனியாதான் காரணம்” என்றார்கள். அமோனியா மூளைக்குள் போயிருந்தால் ஸ்கேனில் தெரிய வேண்டாமா? ஒன்றும் தெரியாத ஸ்கேனுக்கு எதற்காக அவ்வளவு பணம் கட்டினோம்?
— வாசகி, தேனி மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. ஸ்கேன் எடுக்கும் முன்பே யாராவது உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

நாம் சாப்பிடும் புரதத்தைக் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது அமோனியா உண்டாகிறது. குடலின் சொந்தச் செல்களும் உண்டாக்குகின்றன. எல்லாம் சேர்ந்து போர்ட்டல் சிரை என்ற ரத்தக் குழாய் வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிவிடும். யூரியா சிறுநீரில் வெளியேறும். ஜெர்மனியில் ஹான்ஸ் கிரெப்ஸும் கர்ட் ஹென்செலைட்டும் 1932-ல் கண்டுபிடித்துச் சொன்ன சுழற்சி இதுதான். சிரோசிஸ் வந்த கல்லீரலில் இரண்டு கோளாறு. வேலை செய்யும் செல்கள் குறைந்துவிடுகின்றன. அப்புறம், கல்லீரல் இறுகிப்போனதால் ரத்தம் உள்ளே நுழையாமல் பக்கவழிகளைப் பிடித்துக்கொண்டு பொது ரத்த ஓட்டத்தில் கலக்கிறது. அமோனியா சுத்தம் ஆகாமலேயே மூளைக்குப் போய்ச் சேர்கிறது.

மூளையில் ஆஸ்ட்ரோசைட் என்ற செல்கள் அதைப் பிடித்து, குளுட்டமேட்டோடு சேர்த்துக் குளுட்டமினாக மாற்றுகின்றன. மூளை தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் முயற்சி அது. ஆனால் குளுட்டமின் சேரச் சேர அந்தச் செல்கள் தண்ணீரை உள்ளே இழுத்து லேசாக வீங்குகின்றன. அதைச் சமாளிக்க மயோ-இனோசிடால் என்ற வேறொரு பொருளை வெளியே தள்ளுகின்றன. உங்கள் கணவர் பொத்தான் போடத் தடுமாறிய அன்று அவர் மூளையில் நடந்துகொண்டிருந்தது கிட்டத்தட்ட இதுதான்.

வழக்கமான எம்.ஆர்.ஐ. படம் உடம்பில் இருக்கும் தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனைப் படம்பிடிக்கிறது. அந்தத் தண்ணீரோடு ஒப்பிட்டால் மூளையில் இருக்கும் அமோனியா மிக மிகக் கொஞ்சம். சாதாரணப் படத்தில் அது தெரிய வாய்ப்பே இல்லை. உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியில் எடுத்திருந்தாலும் தெரிந்திருக்காது.

அப்படியானால் எதற்கு எடுத்தார்கள்? சிரோசிஸ் உள்ளவருக்கு ரத்தத் தட்டணுக்கள் குறைவாக இருக்கும், ரத்தம் உறைவதும் சரியாக இருக்காது. பாத்ரூமில் லேசாக வழுக்கி விழுந்தால்கூட மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் கசியலாம். அதுவும் இதே மாதிரி குழப்பத்தைத்தான் உண்டாக்கும். பக்கவாதமும் மூளைத் தொற்றும் அப்படித்தான். இவற்றை அமோனியா என்று நினைத்துக்கொண்டு அமோனியாவைக் குறைக்கக் கொடுக்கும் பேதி மருந்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் ஆள் கை நழுவிப் போய்விடுவார். “ஒன்றும் இல்லை” என்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகுதான் உங்கள் டாக்டரால் தைரியமாக அமோனியாவுக்கு வைத்தியம் பார்க்க முடிந்தது. முதல் முறை குழப்பம் வந்தவருக்கு, கீழே விழுந்தவருக்கு, ஒரு பக்கம் கை கால் பலவீனமானவருக்கு, வைத்தியம் கொடுத்தும் தெளியாதவருக்கு மூளை ஸ்கேன் அவசியம். அவசரத்துக்கு சி.டி. ஸ்கேனே பல நேரம் போதும். அதே ஆளுக்கு மலச்சிக்கலால் மூன்றாவது முறை, நான்காவது முறை அதே மாதிரிக் குழப்பம் வந்தால் ஒவ்வொரு தடவையும் எம்.ஆர்.ஐ. தேவைப்படாது. இதை நீங்களே டாக்டரிடம் கேட்கலாம், தப்பில்லை.

ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். ‘குளோபஸ் பாலிடஸ், டி1 படத்தில் வெண்மை’ என்ற மாதிரி ஒரு வரி இருக்கலாம். குளோபஸ் பாலிடஸ் மூளையின் ஆழத்தில் இருக்கும் ஒரு பகுதி; டி1 என்பது எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு வகை. அதைப் பார்த்துப் பயந்து போன் செய்யும் குடும்பங்கள் நிறைய. அது அமோனியா இல்லை, மாங்கனீசு. சாப்பாட்டில் வரும் மாங்கனீசை வழக்கமாகக் கல்லீரல் பித்தநீர் வழியாக வெளியேற்றிவிடும்; அது நடக்காதபோது மூளையின் அடியாழத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படிகிறது. நல்ல தெளிவோடு கணக்கு வழக்கு பார்க்கும் சிரோசிஸ் நோயாளிக்கும் அந்த வெண்மை இருக்கலாம். அதனால் அதை வைத்துக் குழப்பம் எவ்வளவு என்று அளக்க முடியாது. கல்லீரல் மாற்று சிகிச்சை நடந்தால் மாதக்கணக்கில் மெல்ல மங்கிப் போகும்.

கேள்வி: நான் மருத்துவ இயற்பியல் முதுகலை படிக்கிறேன். எம்.ஆர்.ஐ. மூலம் மூளையின் அமோனியாவையே நேரடியாகக் கண்டறிய முடியுமா? வகுப்பில் ஸ்பெக்ட்ராஸ்கோப்பி பற்றிச் சொன்னார்கள், அமோனியா பற்றி யாரும் பேசவில்லை.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்காகவே இந்த இதழின் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன் என்று சொல்லலாம்.

முதலில் ஸ்பெக்ட்ராஸ்கோப்பி. அதே மெஷின், அதே காந்தம். படத்துக்குப் பதிலாக, மூளையில் சர்க்கரைக் கட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு கனசதுரத்தை, பக்கத்துக்கு 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், தேர்ந்தெடுத்து அதற்குள் இருக்கும் ரசாயனங்களின் சிக்னலைப் பிரித்துக் கோடாக வரைகிறோம். 1990-ல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவிலிருந்து ரோலண்ட் கிரைஸ், பிரையன் ராஸ் குழுவினர் கல்லீரல் நோயாளிகளின் மூளையில் இதைச் செய்து காட்டினார்கள். குளுட்டமேட்டும் குளுட்டமினும் சேர்ந்த மேடு உயர்ந்திருந்தது. மயோ-இனோசிடால் மேடு தாழ்ந்திருந்தது, கோலின் மேடும் தாழ்ந்திருந்தது. மூன்றும் சேர்ந்து இப்படி மாறுவது கல்லீரல் சார்ந்த மூளைக் கோளாறின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பாடப் புத்தகத்தில் படித்திருந்தாலும், எங்கள் மெஷினில் முதன்முதலாக ஒரு நோயாளியின் கோட்டில் மயோ-இனோசிடால் இருக்க வேண்டிய இடம் கிட்டத்தட்ட மட்டமாகக் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த மனிதர் வெளியே உட்கார்ந்து மனைவியோடு சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

செய்முறையில் இரண்டு விஷயம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எக்கோ நேரத்தை, அதாவது ரேடியோ அலையைச் செலுத்தியதற்கும் சிக்னலைக் கேட்பதற்கும் இடையிலான நேரத்தை, குறைவாக, 30 மில்லிசெகண்டு அளவில் வைக்க வேண்டும். நீட்டினால் மயோ-இனோசிடாலின் சிக்னல் அழிந்துபோய், இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லிவிடுவோம். 1.5 டெஸ்லா (காந்தத்தின் பலத்தை அளக்கும் அலகு) மெஷினில் குளுட்டமினும் குளுட்டமேட்டும் ஒன்றின் மேல் ஒன்று விழும். பிரித்துச் சொல்ல முடியாது. 3 டெஸ்லாவில் நிலைமை கொஞ்சம் மேல், 7 டெஸ்லாவில் நன்றாகவே பிரியும். 7 டெஸ்லா மெஷின்கள் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களில்தான் இருக்கின்றன.

இவ்வளவும் அமோனியா வந்து போனதற்கான தடயங்கள்தான். அமோனியாவையே ஏன் பார்க்க முடியவில்லை? ஸ்பெக்ட்ராஸ்கோப்பியில் ஒரு பொருள் தெரிய வேண்டுமானால் அது மில்லிமோல் கணக்கில் இருக்க வேண்டும். குளுட்டமின் அப்படி இருக்கிறது. அமோனியாவோ மைக்ரோமோல் கணக்கில் கிடக்கிறது; ஒரு மைக்ரோமோல் என்பது மில்லிமோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது மட்டும் இல்லை. அமோனியா உடம்பில் பெரும்பாலும் அம்மோனியம் அயனியாக இருக்கிறது. அதன் ஹைட்ரஜன்கள் ஓரிடத்தில் நிற்காமல் சுற்றியுள்ள தண்ணீரின் ஹைட்ரஜன்களோடு இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதனால் அந்தக் கொஞ்ச சிக்னலும் கலைந்துபோகிறது.

ஆனால் இடையூறாக இருக்கும் அந்த இடமாற்றத்தையே கருவியாக்கும் ஒரு முறை இருக்கிறது. செஸ்ட் (CEST) என்று சுருக்கமாகச் சொல்வார்கள்; நெஞ்சைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இல்லை. வார்ட், அலெட்ராஸ், பாலபன் மூவரும் 2000-ல் இதைக் கட்டுரையாக எழுதினார்கள். கல்யாண வீட்டு வாசலில் கை நிறையச் சந்தனத்தோடு ஒருவர் நிற்கிறார், வருகிறவர்கள் எல்லோரும் அவர் கையைக் குலுக்கிவிட்டு உள்ளே போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்குள் நின்று பார்க்கும் உங்கள் கண்ணுக்கு வாசலில் நிற்பவர் தெரிய மாட்டார். ஆனால் சந்தனம் ஒட்டிய கைகளைப் பார்த்து அவர் அங்கே இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். செஸ்டில், குறிப்பிட்ட பொருளின் ஹைட்ரஜனுக்கு மட்டும் பொருந்தும் அலைவரிசையில் ரேடியோ அலையைத் தொடர்ந்து செலுத்தி அதன் சிக்னலை அணைத்துவிடுகிறோம். அணைந்த ஹைட்ரஜன் தண்ணீருக்குப் போகிறது, தண்ணீரிலிருந்து புதியது வருகிறது, அதையும் அணைக்கிறோம். சில வினாடிகளில் தண்ணீரின் சிக்னலே கண்ணுக்குத் தெரியும் அளவு குறைகிறது. கொஞ்சமாக இருக்கும் பொருள் பல மடங்கு பெரிதாகத் தெரிகிறது.

இதே முறையில் குளுட்டமேட்டைப் படமாக்கலாம் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரவீந்தர் ரெட்டியின் குழு 2012-ல் காட்டியது. மூளைக்கட்டிகளின் புரதத்தைப் பார்க்க ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பீட்டர் வான் ஸைல் குழு 2003-லேயே ஒரு வகையை உருவாக்கியது. அது இன்று பல மருத்துவமனைகளில் இருக்கிறது. அமோனியாவுக்கு இது இன்னும் ஆராய்ச்சி நிலைதான். தடைகள் சாதாரணமானவை இல்லை. இடமாற்ற வேகம் மூளையின் அமில-கார நிலையைப் பொறுத்து மாறும். நோயாளியிடம் அதுவே மாறிக்கொண்டிருக்கும். பக்கத்து அலைவரிசைகளில் புரதம், குளுட்டமேட், குளுட்டமின் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. எந்தக் குறைவு அமோனியாவால் வந்தது என்று பிரித்துச் சொல்வது பெரிய வேலை.

வேறு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். பெட் ஸ்கேனில் கதிரியக்க நைட்ரஜன்-13 கலந்த அமோனியாவைச் செலுத்தி, மூளை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். அந்த நைட்ரஜனின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 10 நிமிடம். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் என்ற இயந்திரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஊசி, கதிரியக்கம் இரண்டும் உண்டு. எம்.ஆர்.ஐ.-யில் முடிந்தால் ஊசியும் வேண்டாம், கதிரும் வேண்டாம், ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப எடுக்கலாம். ரத்தத்தில் இருக்கும் அமோனியா ஒரு கணக்கு, மூளையில் இருப்பது வேறு கணக்கு. அந்த இரண்டாவது கணக்கை உயிரோடு இருக்கும் மனிதரிடம் பார்க்க நம்மிடம் எளிய வழி இல்லை. நீங்கள் ஆராய்ச்சிக்குப் போவதாக இருந்தால் இந்தத் திசையில் போங்கள் தம்பி. நான் ஓய்வு பெறும் முன் இதைப் பார்க்க முடியவில்லை. உங்கள் தலைமுறை பார்க்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு ரத்தத்தில் அமோனியா ஒரு லேபில் அதிகம் என்றார்கள், மறுநாள் வேறொரு லேபில் ஏறக்குறைய நார்மல். ஆனால் அப்பா இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் இருந்தார். எதை நம்புவது?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: அப்பாவை நம்புங்கள் அம்மா. அமோனியா டெஸ்ட் எடுப்பதில் பக்குவம் வேண்டும். கையை இறுக்கிக் கட்டி, முஷ்டியை மடக்கி மடக்கி ரத்தம் எடுத்தாலே எண் ஏறிவிடும். எடுத்த ரத்தத்தை ஐஸில் வைத்து உடனே லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் டியூபுக்குள்ளேயே அமோனியா உண்டாகிக்கொண்டிருக்கும். கலெக்‌ஷன் சென்டரில் எடுத்து, பைக்கில் ஊர் சுற்றிப் போன டியூபின் எண்ணை நான் மதிக்க மாட்டேன்.

எண் அதிகமாக இருந்தும் தெளிவாக இருப்பவர்கள் உண்டு. அதனால் எண்ணை மட்டும் வைத்து மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் சரியில்லை. ஒரே ஒரு இடத்தில் இந்த டெஸ்ட் நன்றாக உதவும். குழப்பத்தில் இருப்பவருக்குச் சரியாக எடுத்த ரத்தத்தில் அமோனியா நார்மலாக இருந்தால், குழப்பத்துக்குக் காரணம் வேறு ஏதோ என்று தேட வேண்டும்.

கேள்வி: சிரோசிஸ் வந்த எங்கள் மாமாவுக்குப் பருப்பு, முட்டை, மீன் எதுவும் கொடுக்கக் கூடாது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கஞ்சியும் ரசமுமாகவே ஓடுகிறது. ஆள் துரும்பாகிவிட்டார்.
— வாசகர், தூத்துக்குடி

பதில்: ஐயா, தயவுசெய்து இன்றே மாற்றுங்கள். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1893-ல் ரஷ்யாவில் பாவ்லோவும் அவரது சகாக்களும் நாய்களுக்குப் போர்ட்டல் சிரையைக் கல்லீரலுக்குள் போகவிடாமல் பெரிய சிரையோடு நேரே இணைத்தார்கள். இறைச்சி தின்ற நாய்கள் தள்ளாடின, மயங்கின. அதிலிருந்து கல்லீரல் நோய் என்றாலே புரதத்தை நிறுத்து என்பது மருத்துவத்திலேயே பல காலம் ஓடியது. டாக்டர்களும் அப்படித்தான் சொல்லி வந்தோம்.

2004-ல் பார்சிலோனாவிலிருந்து ஹுவான் கோர்டோபா குழுவின் ஆய்வு வந்தது. மூளைக் குழப்பத்தோடு வந்த சிரோசிஸ் நோயாளிகளுக்குப் புரதத்தைக் குறைத்ததால் எந்த நன்மையும் இல்லை. உடம்பின் சொந்தப் புரதம் கரைந்ததுதான் மிச்சம். தசையும் அமோனியாவைப் பிடித்துக் குளுட்டமினாக மாற்றும் உறுப்பு. மாமாவின் தசை கரையக் கரைய, கல்லீரலுக்குத் துணை நிற்கும் அந்த வழியும் அடைபடுகிறது. இன்றைய வழிகாட்டுதல் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 60 கிலோ உள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். பருப்பு, சுண்டல், தயிர், பால் இவற்றைக் குடல் நன்றாகத் தாங்கும். முட்டையும் மீனும் பழக்கம் உள்ளவர் என்றால் டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள். உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் கருவாடும் ஊறுகாயும் வேண்டாம். இரவு படுக்கும் முன் ஏதாவது சாப்பிட வேண்டும். ராத்திரி முழுக்க வெறும் வயிற்றில் கிடந்தால் உடம்பு தசையைத்தான் தின்னும்.

கேள்வி: என் கணவர் பஸ் ஓட்டுகிறார். கல்லீரல் நோய் இருக்கிறது, ஆனால் குழப்பம் எதுவும் இல்லை. முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஸ்பெக்ட்ராஸ்கோப்பி எடுக்கலாமா?
— வாசகி, சேலம்

பதில்: எடுக்க வேண்டியதில்லை. பணம் மிச்சம். வெளியே தெரியாத ஆரம்பநிலைக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனைகள் உண்டு. கலைந்து கிடக்கும் எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கோடு போட்டு இணைக்கச் சொல்லி, எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்போம். இன்னொன்று வீட்டிலேயே செய்யலாம்: ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயரைச் சொல்ல முடிகிறது? தமிழிலேயே சொல்லலாம். 15-க்கு மேல் வந்தால் பொதுவாகக் கவலை இல்லை. 10-க்குக் கீழே போனால் உடனே கல்லீரல் டாக்டரிடம் காட்ட வேண்டும். நடுவில் இருந்தாலும் காட்டுங்கள். வயது, படிப்பு இவற்றைப் பொறுத்து எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

அதை விட முக்கியம், நீங்கள் பார்ப்பது. பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறாரா? கையெழுத்து மாறுகிறதா? சில்லறை எண்ணுவதில் தடுமாறுகிறாரா? கையை முன்னால் நீட்டி விரல்களை விரித்து மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னால் கை படபடவென விழுகிறதா? மலம் ஒருநாள் வராவிட்டால் அதையும் கவனியுங்கள். லாக்டுலோஸ் என்ற பேதி மருந்து கொடுத்திருந்தால் நாளைக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும் என்பதே அளவு; அதற்கு மேல் தண்ணீராகப் போனால் உப்புச் சத்து குறைந்து அதுவே குழப்பத்தைக் கொண்டுவரும். தூக்க மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கவே கூடாது.

வண்டி ஓட்டுவது பற்றி ஒளிவுமறைவில்லாமல் டாக்டரிடம் பேசுங்கள். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போகிறவர். வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. சோதனையில் கோளாறு தெரிந்தாலும் மருந்தால் சரியாக வாய்ப்பு நிறைய இருக்கிறது. அதுவரை டிப்போவில் வேறு வேலை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ரத்த வாந்திக்கு எண்டோஸ்கோப்பியில் ரப்பர் வளையம் போட்டிருக்கிறார்கள். இனி எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: ரப்பர் வளையத்தால் தொந்தரவு இல்லை. ஆனால் சிலருக்கு வளையத்துக்குப் பதிலாக உலோகக் கிளிப் போட்டிருப்பார்கள். அவற்றில் சில வகைகள் காந்தத்துக்கு ஆகாது. டிஸ்சார்ஜ் சம்மரியை ஸ்கேன் டெக்னீஷியனிடம் காட்டுங்கள். மாத்திரை மாதிரி விழுங்கும் கேமரா கொடுத்திருந்தால் அது வெளியே வந்துவிட்டது என்று உறுதியாகும் வரை எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகக் கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் அதன் கார்டு கையில் இருக்க வேண்டும்.